நரிக்குடிக் கட்டிலுக்கு ஒரு ரசீது

என் மனைவி புழக்கடையில் துவைக்கிற கல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மதுரையில் அறுவைச் சிகிச்சை முடிந்து, பன்னிரண்டாம் நாள் அருப்புக்கோட்டைக்கு அழைத்து வந்தேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளில் ஐந்தாவது வரி: உயரமான கட்டில், தலைப்பக்கம் தூக்கி இறக்கக்கூடியது. அந்தத் தாளிலேயே எளிதான வரி அதுதான் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் இருந்தது அவளுடைய கல்யாணத்துக்குச் சீராக வந்த தேக்குக் கட்டில். அகலம், அழகு, முழங்காலுக்கும் கீழான உயரம். அதிலிருந்து அவளை எழுப்பி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். இன்னொருவர் பக்கத்து வீட்டு அம்மா. அவர் ஜவுளிக்கடை வேலைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை என் மனைவி கிடந்த கிடைதான். வீட்டுக்கு வந்த ஆறாம் நாள், கட்டு மாற்ற வந்த நர்ஸ் அவளை ஒருக்களித்துத் திருப்பி, முதுகுக்குக் கீழே தோல் சிவந்திருந்ததை எனக்குக் காட்டினார்.

வாசல் வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "இது புண்ணாயிருச்சுன்னா அப்புறம் நடக்குறதப் பத்தி யாரும் பேச மாட்டாக சார்" என்றார்.

கடையில் விசாரித்தேன். புதுக் கட்டிலின் விலையைக் கேட்டுவிட்டு, கேட்காதவனைப் போல வெளியே வந்தேன். ஓய்வூதியம் வருகிறது, உண்மைதான். ஆனால் காப்பீட்டுத் திட்டம் எதையெல்லாம் சிகிச்சை என்று ஒப்புக்கொள்ளாதோ அதையெல்லாம் சேமிப்பிலிருந்து கட்டியிருந்தேன். காப்பீட்டு விதிகள் எனக்கு மனப்பாடம். மனப்பாடம் என்பதற்காக விதி ஒரு ரூபாயும் குறைத்துக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகளிடம் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பாள். அவள் வீட்டு லோனின் தவணைத் தேதி எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை. மதுரையில் வாடகைக்குக் கட்டில் தருகிறார்கள். அதைச் சொன்னதும் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வாடகைக் கட்டில்ல எத்தன பேரு போயிருப்பாகளோ. பழசு வாங்குங்க, ஒடசல வாங்குங்க, நான் ஒண்ணுஞ் சொல்லல. செத்தவுக படுத்த கட்டில மட்டும் என் வீட்டுக்குள்ள ஏத்தாதீக. நான் எந்திரிக்கணும்னு நெனைக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒருவர் இறந்தால் அவர் படுத்த பாயும் துணியும் அவரோடு போகும். கயிற்றுக் கட்டிலை வெளியே போட்டு வெயிலும் மழையும் தின்ன விட்டுவிடுவார்கள். இரும்புக் கட்டில் வந்த பிறகுதான் சிக்கல். அதை எரிக்கவும் முடியாது, தெருவில் போடவும் மனசு வராது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது செல்போனில் பழைய சாமான் விற்கும் செயலி வந்துவிட்டதால், இரண்டு தாலுகா தள்ளி முகம் தெரியாதவருக்கு விற்றுவிடுகிறார்கள். தூரம் ஒருவகைத் தீட்டுக்கழிப்பு.

நான் முப்பத்து நான்கு வருடம் தாலுகா அலுவலகங்களில் மனுக்களைப் படித்தவன். எழுத்தராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். ஒரு மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதவில்லை என்று பார்ப்பதுதான் அந்த உத்தியோகம். விளம்பரங்களையும் அப்படியே படித்தேன். 'ஒரு மாதமே பயன்படுத்தியது' என்றால் நோயாளி ஒரு மாதம்தான் இருந்தார். 'வீடு மாறுவதால் அவசர விற்பனை' என்றால் பிள்ளைகள் பாகம் பிரிக்கிறார்கள். 'சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துச் செல்லவும்' என்றால் வீட்டுப் பெண்கள் அதன் பக்கம் போக மாட்டேன் என்கிறார்கள்.

பாலவனத்தத்தில் ஒருவர் 'எங்கள் அப்பா குணமாகிவிட்டார்' என்றே போட்டிருந்தார். போன் செய்து, உயரம், அகலம், சக்கரத்துக்குப் பூட்டு உண்டா என்றெல்லாம் கேட்டேன். மடமடவென்று சொன்னார். கடைசியாக, "அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா? கட்டில் வசதியா இருந்துச்சான்னு கேக்கணும்" என்றேன்.

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"அப்பா வெளிய போயிருக்காக."

"எப்ப வருவாக?"

போனை வைத்துவிட்டார். வீட்டுக்குள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "ஆளு வரமாட்டாக. விடுங்க" என்றாள். விழுந்ததற்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்ததில் இடுப்பு வலித்து அழவும் செய்தாள்.

நரிக்குடிப் பக்கத்து விளம்பரத்தில் மூன்றே வாக்கியங்கள். 'ஆஸ்பத்திரிக் கட்டில். காத்து மெத்தையும் இருக்கு. எங்கம்மா படுத்திருந்தது.' விலை எங்களுக்குக் கட்டுப்படியாகிற ஒரே விலை. வாசலுக்குப் போய் நின்றுகொண்டு போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள். நாற்பத்தைந்து வயதிருக்கலாம் என்று குரலில் தெரிந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "அம்மா போயி அஞ்சு மாசமாகுது சார். இந்தக் கட்டில்லதான் போனாக. அது பரவாயில்லைன்னா வாங்க. வந்துட்டுத் திரும்பிப் போறவுகளுக்கு டீ போட்டே எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள்.

அளவுகளைக் கேட்டேன். இஞ்சு டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். உயரம் மருத்துவர் சொன்ன உயரம். காற்று மெத்தைக்கு மோட்டாரும் இருந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது கௌரவமான சொல். என் மனைவியிடம் எப்படிப் பொய் சொல்வது என்று வழிமுறை வகுத்தேன். வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நாற்பது வருடமாக என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவள். ஆனால் காகிதத்தை நம்புவாள் என்று கணக்குப் போட்டேன். கையெழுத்து விழுந்த காகிதம் உண்மையாகிவிடும் என்பது எங்கள் உத்தியோகத்தில் வருகிற நோய். ரத்தச் சோதனையில் தெரியாது. ஒரு வெள்ளைத்தாளில் ரசீது ஒன்றைத் தயார் செய்தேன். 'மேற்படி கட்டிலை உபயோகித்து வந்த எனது தாயார் பூரண குணமடைந்து தற்போது நல்ல உடல்நிலையுடன் இருந்து வருவதால், மேற்படி கட்டில் தேவையில்லை என்பதைக் கருத்தில் கொண்டு, எனது முழுச் சம்மதத்துடன்...' கையெழுத்துக்கு இடம் விட்டு, பேனாவையும் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாவின் விடுமுறை நாளில் அவரை மனைவியோடு இருக்கச் சொல்லிவிட்டு, எம்.ரெட்டியபட்டிக்காரர் ஒருவரின் குட்டியானைச் சரக்கு வண்டியை வாடகைக்குப் பேசினேன். அவரே ஓட்டினார். ஐம்பது வயது, ஓயாத பேச்சு. திருச்சுழி தாண்டும்வரை பருத்தி விலையைத் திட்டினார். தாண்டியதும் என்ன லோடு என்று கேட்டார். சொன்னேன்.

"அட, அதுவா சார். மாசத்துக்கு ரெண்டாச்சும் ஏத்துறேன். எனக்கென்னமோ ஊரு ஊராச் சுத்துறது ஒரே கட்டிலுதானோன்னு சந்தேகம்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "வீட்டுல கேட்டாகன்னா ஆஸ்பத்திரி ஏலத்துல எடுத்ததுன்னு சொல்லிருங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாக."

"ஆஸ்பத்திரியில மட்டும் யாரும் சாகறதில்லையா?"

"அங்க செத்தா அது கணக்குல வராது சார்."

நரிக்குடியைத் தாண்டி, பஸ் போகிற ரோட்டின் ஓரத்திலேயே வீடு. கண்மாயில் தண்ணீர் இல்லை. உள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் இரண்டு வீடு தள்ளி இருந்த சத்துணவு மையத்தில் சமைக்கிறவள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஆட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தகரம் இறக்கி, அதன் கீழே கட்டிலை நிறுத்தியிருந்தாள். ஒரு துரு இல்லை. கால்மாட்டிலிருந்த கைப்பிடியைச் சுற்றிக் காட்டினாள். தலைப்பக்கம் சத்தமில்லாமல் உயர்ந்தது.

"வாரத்துக்கு ஒருக்கா எண்ணெ விடணும். தேங்காண்ணெ விட்டுறாதீக, எறும்பு வரும்." மெத்தையை விரித்தாள். "மெத்தைய மட்டும் நம்பாதீக. ரெண்டு மணிக்கொருக்கா பொரட்டணும். எங்கிட்டக் கடிகாரம் ஓடல. ரோட்டுல பஸ்ஸு போறத வச்சுப் பொரட்டுவேன். எட்டரை பஸ்ஸுக்கு இடது பக்கம், பத்தரை பஸ்ஸுக்கு வலது பக்கம். பஸ்ஸு வராத அன்னைக்கு அம்மாவே கூப்பிட்டுச் சொல்வாக, 'ஏலா, இன்னைக்கு வண்டிய நிப்பாட்டிட்டாகளா'ன்னு."

பணத்தைக் கொடுத்தேன். வாங்கி, எண்ணாமல் டப்பாவில் போட்டாள். நான் ரசீதை எடுத்து நீட்டினேன். நின்றபடியே படித்தாள். முதலில் வேகமாக, பிறகு நிதானமாக. முகத்தில் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இது யாருக்கு சார்?"

"என் மனைவிக்கு. அவளுக்கு மனசு சமாதானம் ஆகணும். உங்களுக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்ல. சும்மா ஒரு கையெழுத்து."

"நீங்க தாலுகா ஆபீஸ்ல இருந்தீகளா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எழுத்து அப்படி இருக்கு." தாளை நீவி மடித்தாள். "எங்கம்மா செத்துட்டாகன்னு காட்டி வாரிசு சர்டிபிகேட்டு வாங்க மூணு மாசம் அலைஞ்சேன் சார். அண்ணன் வெளிநாட்டுல இருக்கான், அவன் கையெழுத்து இல்லன்னு ஒருக்கா. வார்டு நம்பரு தப்புன்னு ஒருக்கா. சாட்சி ரெண்டு பேரு பத்தாதுன்னு ஒருக்கா. எரிச்ச சாம்பலக் கொண்டாந்து காட்டலாமான்னு கேட்டுட்டு வந்தேன். இப்ப ஆபீஸுக்காரவுகளே வீடு தேடி வந்து, எங்கம்மா சாகலைன்னு எழுதிக் குடுங்கறீக."

ஓட்டுநர் வண்டிக்குப் பின்னால் எதையோ கட்டப் போய்விட்டார். எந்த அலுவலகம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் அதில் வேலை பார்த்திருக்கிறேனா, ஓய்வு பெற்று எத்தனை வருடம் ஆகிறது என்பதெல்லாம் அந்த இடத்தில் பொருந்தாத ஆட்சேபணைகள். வார்டு எண் தவறு என்று நானும் எத்தனையோ மனுக்களைத் திருப்பியிருக்கிறேன். விதிப்படிதான் திருப்பினேன்.

"எழுத மாட்டேன் சார். எழுதிட்டு மாசி மாசம் நான் தெவசம் யாருக்குக் குடுப்பேன்? கட்டில் வேணாம்னா பணத்த எடுத்துக்கங்க."

"கட்டில் வேணும்மா" என்றேன்.

உள்ளே போனாள். பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து, கட்டிலின் விளிம்பிலேயே வைத்து எழுதினாள். என் பேனாவை வாங்கவில்லை. எழுதி முடித்து இரண்டு தாளையும் என்னிடம் கொடுத்துவிட்டு, மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள். அவளும் எங்களோடு நின்று குடித்தாள்.

ஓட்டுநர் கட்டிலைத் தலைகீழாக, கால் மேலே பார்க்க ஏற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, "நிமித்தி ஏத்துனா யாராச்சும் ஏறிப் படுத்துக்கிருவாக சார்" என்றார். திரும்பும் வழியில் அவர் பேசவே இல்லை. திருச்சுழி வந்ததும், "அந்தம்மா டீயில இஞ்சி நல்லாப் போட்டிருந்தாக" என்று மட்டும் சொன்னார்.

கார் நிறுத்துவதற்காக நாங்கள் கட்டிய, கார் ஒருபோதும் வராத கொட்டகையில் கட்டிலை இறக்கினோம். முன்னறையில் கிடந்த மனைவிக்கு ஜன்னல் வழியே அது தெரிந்தது.

"யாரு படுத்தது?"

கைகளைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்தக் கட்டிலைப் பொறுத்தவரை, அதை உபயோகித்தவங்க..."

"வருது" என்றாள்.

"என்ன வருது?"

"பொய்யி. நீங்க 'பொறுத்தவரை'ன்னு தொடங்குனா பொய்யிதான். வீடு கட்டும்போது கொத்தனார் சம்பளத்த மறைச்சீகளே, அப்பவும் இப்படித்தான் தொடங்குனீக."

சட்டைப் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. என்னுடையது கையெழுத்தில்லாமல் இருந்தது. அந்தப் பெண் எழுதியதை எடுத்துக் கொடுத்தேன். மனைவி கண்ணாடி போட்டுப் படித்தாள்.

'இது எங்கம்மா படுத்திருந்த கட்டில். ரெண்டு வருசம் மூணு மாசம் படுத்திருந்தாங்க. இதிலேயே இறந்தாங்க. கட்டில் நல்ல கட்டில். சாருக்கு வித்துட்டேன். படுக்கிறவங்க நல்லா எந்திரிக்கணும்.' கீழே கையெழுத்து.

தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்கப் போனவள், வைக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "கட்டிலு வெளியவே கெடக்கட்டும்" என்றாள். அன்று அதற்குமேல் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கட்டில் கொட்டகையில் கிடந்தது. நான் போய், எண்ணெய் தேவைப்படாத கைப்பிடிக்கு எண்ணெய் விட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் அவசரமாக எழுந்திருக்க வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டு அம்மா வேலைக்குப் போயிருந்தார். பொறுத்துக்கொள்ள முடியாது என்று அவள் முகம் சொன்னதால் நானே முயன்றேன். தேக்குக் கட்டிலின் விளிம்பில் மண்டியிட்டு, அவள் கக்கத்துக்குக் கீழே கைகளைக் கொடுத்துப் பாதி தூக்கிவிட்டேன். அதற்குமேல் முடியவில்லை. இறக்கினால் அறுவையில் ஆணி வைத்த இடத்தில் இடிக்கும், தூக்க என்னிடம் பலம் இல்லை. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் தன் மனைவியைப் பாதித் தூக்கிய நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எந்த அரசாணையும் இல்லை. அப்படியே இருந்தோம். என் முதுகு நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவள் அவசரம் அங்கேயே முடிந்துபோனது. என் வேட்டியும் நனைந்தது. அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத் தோளுக்குள்ளிருந்தே சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்குப் போனப் போடுங்க."

எப்படியோ அவளைச் சாய்த்து, சேலை மாற்றி, துடைத்துவிட்டு, போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"நான்தான்மா, கட்டில் வாங்குனவுக வீட்டுல. உங்கம்மாவுக்குப் புண்ணு வந்துச்சா?"

"இல்லம்மா. ஒண்ணு வரல. கடைசியாக் குளிப்பாட்டுன பொம்பளைக முதுகப் பாத்துட்டு, 'படுக்கையில கெடந்த ஒடம்பா இது'ன்னாக."

"நீ ஒருத்தியாவா பாத்த?"

"வேற யாரு இருக்கா? கட்டிலு ஒசரமா இருந்ததால முடிஞ்சது. இல்லன்னா என் இடுப்பும் போயிருக்கும்."

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "கடைசியா என்ன கேட்டாக?"

"தலைய ஒசத்தி விடுன்னாக. ஒசத்திவிட்டேன். வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாக. பத்தரை பஸ்ஸு போச்சு. பொரட்டலாம்னு போனேன், இல்ல."

மனைவி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவுக பேரு என்னம்மா?" என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்கியதால் நான் எழுந்து போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது பேச்சு இஞ்சி டீக்குப் போயிருந்தது. பெயரை அவள் எனக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து கட்டிலை உள்ளே கொண்டுவந்தார்கள். தேக்குக் கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாய்த்தோம். எந்தப் பக்கம் தலை வைப்பது என்று கேட்டேன். "எனக்கும் வாசல் தெரியணும்" என்றாள்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. சிவந்த இடம் ஆறிவிட்டது. இப்போது என் ஒரு கை போதும், அவள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். நடைச்சட்டத்தைப் பிடித்து ஜன்னல் வரை போகிறாள். வாசல் வரை இன்னும் போகவில்லை. எலும்பு சேர்வது தாமதமாகிறது, மறுபடியும் படம் எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இன்னொரு அறுவை வேண்டியிருக்கலாம் என்பதை என்னிடம் தனியாகச் சொன்னார். நான் 'பொறுத்தவரை' என்று தொடங்காமல் அதை அவளிடம் சொன்னேன்.

மதியங்களில் அவளைப் புரட்டிவிட்டு, பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அப்போது சில நாள், அவள் மெத்தையின் ஓரத்தைத் தட்டி, "கொஞ்சம் தள்ளிப் படுங்கக்கா" என்று சொல்வது கேட்கும். முதல் தடவை எனக்குத் திக்கென்றது. இப்போது இல்லை. மாசியில் நரிக்குடிக்கு ஒரு சேலை அனுப்ப வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

நோட்டுத்தாள் ரசீதை வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். நான் எழுதியதை அடுப்பில் போட்டேன். போன வாரம் அந்தக் கோப்பை எடுத்தபோது அவள் கேட்டாள்:

"இந்தக் கட்டில என்னைக்காச்சும் விக்கத்தான செய்வீக?"

"தேவைப்படாதபோது விக்க வேண்டியதுதான்."

"அப்ப நான் சொல்றபடி போடுங்க. அவுக இதுல போனாக, அத முதல்ல எழுதுங்க. நான் எந்திரிச்சா எந்திரிச்சேன்னு எழுதுங்க. போயிட்டா போயிட்டேன்னு எழுதுங்க."

ரசீதைக் கோப்பில் திரும்ப வைத்தேன். தலையை உயர்த்திவிடச் சொன்னாள். கால்மாட்டுக்குப் போய்க் கைப்பிடியைச் சுற்றினேன்.